தாம்பரம் தாண்டி வீடு: ஸ்டேஷனில் இறங்கியபின் வீட்டுக்கு எப்படிப் போகிறீர்கள்?

நந்திவரம்காரன் (ஞாயிறு, இரவு 9.50)

எல்லாருக்கும் வணக்கம். கூடுவாஞ்சேரியில் இறங்கி, நெல்லிக்குப்பம் சாலையில் போய் உள்ளே திரும்பினால் எங்கள் நகர். சொந்தமாக வீடு கட்டிக் குடிவந்துவிட்டோம். எனக்குக் கிண்டியில் வேலை, மனைவிக்கு எழும்பூரில். மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.

மனை வாங்கும்போது சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான்: "ரயில்ல எவ்ளோ நேரம்?" அதற்குப் பதில் தயாராக இருந்தது. கிண்டிக்கு ஏறக்குறைய முக்கால் மணி நேரம். கூட்டம் இருக்கும், நின்றுகொண்டேதான் போகவேண்டும், சில நாள் தாம்பரத்துக்கு முன்னால் சிக்னலில் போட்டுவிடுவார்கள். அதெல்லாம் உடம்புக்குப் பழகிவிட்டது. பழகாதது ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் நடுவில் கிடக்கும் நாலு கிலோமீட்டர்.

காலையில் தொந்தரவில்லை. இரண்டு பேரும் ஒரே பைக்கில் போய், ஸ்டாண்டில் போட்டுவிட்டு ரயில் ஏறுகிறோம். மாலையில்தான் சிக்கல். அவள் ஏழு மணிக்கெல்லாம் வந்து இறங்கிவிடுவாள், எனக்கு எட்டரை ஆகும். ஷேர் ஆட்டோ பெரிய ரோட்டோடு சரி, உள்ளே வராது. உள்ளே நடக்கவேண்டிய தூரத்தில் பாதி விளக்கு எரியாது. நாய்கள் கூட்டமாக நிற்கும். மழை பெய்தால் சேறு. தனி ஆட்டோ தினமும் பிடித்துக் கட்டுப்படியாகாது. அதனால் நான் வரும்வரை அவள் ஸ்டேஷன் வாசலிலேயே நிற்கிறாள். மகள் எதிர்வீட்டு அம்மாவிடம் இருக்கிறாள். அந்த அம்மா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் எவ்வளவு காலம் இப்படி அடுத்தவர் தயவில் ஓட்டுவது?

நான் கேட்பது இதுதான். இந்தக் கடைசி நாலு கிலோமீட்டருக்கு உங்கள் வீட்டில் என்ன ஏற்பாடு? யாருடைய நேரம் அதில் போகிறது?


ஆதம்பாக்கத்தான் (ஞாயிறு, இரவு 10.35)

சார், சொல்கிறேனே என்று வருத்தப்படாதீர்கள். கிண்டியில் வேலை இருப்பவர் கூடுவாஞ்சேரியில் இருக்கவே கூடாது. நாங்கள் ஆதம்பாக்கத்தில் வாடகைக்கு இருக்கிறோம். வீடு சின்னது, கார் நிறுத்த இடமில்லை, ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். ஆனால் என் பையன் ஸ்கூல் விட்டு வரும்போது அவன் அம்மா வீட்டில் இருக்கிறாள், நான் ஆறரைக்கு வந்துவிடுகிறேன். உங்கள் இஎம்ஐயில் பாதிகூட ஆகாது என் வாடகை. அந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்துவிடுங்கள்.

அது முடியாது என்றால் இரண்டாவதாக ஒரு ஸ்கூட்டி வாங்குங்கள். விஷயம் முடிந்தது.


மகளிர் பெட்டி (ஞாயிறு, இரவு 11.20)

ஆதம்பாக்கம் அண்ணா, நீங்கள் சொல்வது உங்கள் வீட்டுக்குச் சரி. வாடகையில் இருந்துவிட்டுத்தான் நாங்களும் மறைமலை நகர் வந்தோம். சைதாப்பேட்டையில் இருந்தபோது பதினொரு மாதம் முடிந்தால் வயிற்றைக் கலக்கும். வாடகையை ஏற்றுவார்களா, மகனுக்குக் கல்யாணம் என்று காலி பண்ணச் சொல்வார்களா என்று தெரியாது. 2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தில் வேறு விதமாகப் பேசிக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக்கூடாது. போய்க் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேர் மூன்று மாதத்தோடு நிற்கிறார்கள் என்று. வீடு மாறினால் ஸ்கூல் மாறவேண்டும், கேஸ் இணைப்பு மாற்றவேண்டும், ஆதாரில் முகவரி மாற்றவேண்டும். சொந்த வீடு எங்களுக்கு ஆடம்பரம் இல்லை, அந்தப் பயத்திலிருந்து விடுதலை.

ஸ்கூட்டி விஷயத்துக்கு வருகிறேன். நான் தி.நகரில் ஒரு துணிக்கடையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மாம்பலத்தில் எட்டு மணி வாக்கில் ஏறுவேன். ரங்கநாதன் தெருக் கூட்டம் அப்படியே பிளாட்பாரத்துக்கு இறங்கி வரும். எங்கள் பெட்டியில் பல்லாவரம், குரோம்பேட்டை வரை மூச்சு முட்டும். தாம்பரத்தில் பாதி காலியாகிவிடும். அதற்கப்புறம்தான் உட்காரக் கிடைக்கும், பேச்சும் வரும். ஒருத்தி கீரை ஆய்வாள், ஒருத்தி பூக் கட்டுவாள், ஒருத்தி போனில் பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பாள். வீட்டுக்குப் போய்ச் செய்யவேண்டிய வேலையை ரயிலிலேயே முடித்துவிட்டு இறங்குகிறவர்கள் நாங்கள். யாராவது ஒருநாள் வரவில்லை என்றால் மறுநாள் எல்லாரும் விசாரிப்போம். அந்த ரயிலில் எனக்குப் பயமே இருந்ததில்லை.

கூடுவாஞ்சேரியில் பலர் இறங்கிவிடுவார்கள். அங்கிருந்தே மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும்: இன்றைக்கு ஆட்டோ இருக்குமா, கூட யார் இறங்குவார்கள், அவர் போனை எடுப்பாரா. இறங்கியபின் இருக்கும் பத்து நிமிடத்துக்காக ரயிலில் இருக்கும்போதே நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஸ்கூட்டி வாங்கினாலும் ஸ்டாண்டிலிருந்து ஒன்பதரைக்கு எடுத்துக்கொண்டு அதே இருட்டுக்குள்தானே போகவேண்டும்? வண்டி பஞ்சரானால்?

நந்திவரம் அண்ணா, யாருடைய நேரம் போகிறது என்று கேட்டீர்கள். என் வீட்டில் என் மாமனாருடையது. அறுபத்தெட்டு வயதில் அவர் தினமும் டிவிஎஸ் ஐம்பதை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்கிறார். ரயில் தாமதமானால் அவரும் நிற்கிறார், கொசுக்கடியோடு. "அப்பா நீங்க வராதீங்க, நான் வந்துக்கிறேன்" என்றால் கேட்கமாட்டார். எங்கள் குடும்பத்தின் பயணக் கணக்கில் அந்த நேரமும் சேரவேண்டும். நான் ரயிலில் இருக்கும் நேரத்தை மட்டும் எண்ணினால் அது பொய்க்கணக்கு.


மீட்டர்கேஜ் (திங்கள், காலை 6.10)

குரோம்பேட்டையில் பல காலமாக இருப்பவன், வயதில் மூத்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன். கேள்விக்குச் சம்பந்தம் இருக்கிறது.

கடற்கரை, தாம்பரம் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931 மே மாதம். மீட்டர்கேஜ் பாதை, அதாவது தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் அகலம். அதே மீட்டர்கேஜ் மின்வண்டி 2004 ஜூலை வரை ஓடியது. எழுபது வருடத்துக்கும் மேல். இந்தப் பாதையின் இரண்டு பக்கமும் ஊர் எப்படி வளர்ந்தது என்று பாருங்கள். மாம்பலம், பழவந்தாங்கலை ஒட்டிய நங்கநல்லூர், பல்லாவரம், குரோம்பேட்டை: எல்லாம் ஸ்டேஷனிலிருந்து கால்நடையாகவோ சைக்கிளிலோ போகும் தூரத்தில் விரிந்த ஊர்கள். காரணம் எளிது. மனை வாங்கியவரிடம் சைக்கிளுக்கு மேல் எதுவும் கிடையாது. ஸ்டேஷனுக்கு நடக்க முடியாத மனையை அவரிடம் விற்க முடியாது. அதனால் கடைத்தெரு, மார்க்கெட், டாக்டர், ஸ்கூல் எல்லாம் ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் நடுவிலேயே அமைந்தன. ஆபீஸ் முடிந்து வருகிறவர் வழியில் காய் வாங்கிக்கொண்டு வீடு வந்துவிடுவார். தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது, விளக்கு இருந்தது, கடை திறந்திருந்தது. பெண்பிள்ளைகள் ராத்திரி ஒன்பதுக்கு நடந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

டூவீலர் வந்தபிறகு அந்தக் கட்டாயம் போய்விட்டது. மனைகள் வயல் பக்கம் போயின, ஏரிப் பக்கம் போயின. விளம்பரத்தில் "ரயில் நிலையம் 10 நிமிடம்" என்று போடுகிறார்களே, அது பகல் இரண்டு மணிக்குக் காரில் போனால் ஆகும் நேரம். அதை நம்பி வாங்கியவர்களைக் குறை சொல்லமாட்டேன். அந்த விலையில் ஸ்டேஷன் பக்கம் அவர்களுக்கு என்ன கிடைத்திருக்கும்? மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும்போது சாலை அகலம் பார்க்கிறார்கள், பூங்காவுக்கு இடம் கேட்கிறார்கள். இங்கே குடிவருகிறவர் மாலையில் எதில் வந்து இறங்குவார் என்று கேட்பவர் யாரும் இல்லை. நம் புறநகரின் நோய் அங்கேதான் பிடித்தது என்பது என் எண்ணம்.


சிறுசேரி ஷிப்ட் (திங்கள், காலை 8.45)

எங்களுக்கு ரயிலே உதவாது. வண்டலூரில் வீடு, சிறுசேரியில் வேலை. வண்டலூர், கேளம்பாக்கம் சாலையில் கொளப்பாக்கம், கண்டிகை, மாம்பாக்கம் என்று டூவீலரிலேயே போய்வருகிறேன். லாரியும் காலேஜ் பஸ்ஸும் பக்கத்தில் உரசிக்கொண்டு போகும். ரயில் பாதை வடக்கு தெற்காகப் போகிறது, வேலை இப்போது கிழக்கே ஓ.எம்.ஆரிலும் (பழைய மகாபலிபுரம் சாலை) மேற்கே ஒரகடத்திலும் இருக்கிறது. குறுக்கே போகிறவர்களுக்கு நல்ல வழியே இல்லை. பேசுவதெல்லாம் நகரத்துக்குள் போகிற பாதையைப் பற்றித்தான்.

ஏசி லோக்கல் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 ஏப்ரலில் விட்டார்கள். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது அதில் போனோம். உண்மையிலேயே நன்றாக இருந்தது. கதவு மூடிக்கொள்கிறது, தொங்கிக்கொண்டு வருபவர் இல்லை, அம்மா பயமில்லாமல் உட்கார்ந்து வந்தார். ஆனால் குறைந்தபட்சக் கட்டணமே 35 ரூபாய், சாதாரண லோக்கலில் அது 5 ரூபாய். தினமும் போகிறவருக்கு எட்டாது. வெயில் காலத்தில் வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இன்னும் கொஞ்சம் அதிக வண்டிகள் விட்டால் பெரிய புண்ணியம்.


தாமிரபரணி தாத்தா (திங்கள், மதியம் 2.15)

இந்த நேரத்தில் பேரன் ஸ்கூலில் இருப்பான், எனக்கு ஓய்வு. அதனால் எழுதுகிறேன். எனக்கு அம்பாசமுத்திரம் பக்கம். மகனும் மருமகளும் வேலைக்குப் போவதால் பேரனைப் பார்த்துக்கொள்ள நானும் என் வீட்டம்மாளும் பெருங்களத்தூர் வந்தோம். வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. பேரன் என் மடியில் வளர்கிறான், அதைவிட என்ன வேண்டும்?

ஆனால் மகளிர் பெட்டியில் வரும் அந்தப் பிள்ளை மாமனாரைப் பற்றி எழுதியதைப் படித்ததும் எனக்கும் சொல்லத் தோன்றியது. அந்தப் பெரியவர் வாசலில் வந்து நிற்பதை நீ பாரம் என்று நினைக்காதேம்மா. ஊரில் எங்களுக்கு நாள் முழுக்க வேலை இருந்தது. வாய்க்கால் பார்க்கணும், மாட்டுக்கு வைக்கோல் போடணும், கோவிலுக்குப் போகணும், டீக்கடையில் நாலு பேர் பேசக் கிடைப்பார்கள். இங்கே பகல் முழுக்கத் தெருவே பூட்டிக் கிடக்கிறது. காலை எட்டரைக்கு மேல் மாலை நாலு வரை எங்கள் தெருவில் வயசாளிகளும் காவல்காரரும்தான். ஸ்டேஷனுக்கு வந்து நிற்கும் அந்த நேரத்தில்தான் அவர் நாலு முகத்தைப் பார்க்கிறார். நானும் அப்படித்தான். சாயங்காலம் ஸ்டேஷன் பக்கம் நடந்துபோய், வண்டிகள் வருவதைப் பார்த்துவிட்டு, மகன் வந்தால் கூடவே திரும்புவேன்.

எங்களுக்குக் கஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. வீட்டம்மாளுக்குச் சர்க்கரை. மாதம் ஒருதரம் டாக்டரிடம் போகணும். ஸ்டேஷன் வரை போக ஒரு பஸ் இருந்தால் நாங்கள் இருவருமே போய்வந்துவிடுவோம். இல்லாததால் மகன் அரை நாள் லீவு போடுகிறான். அவன் லீவு போடும்போதெல்லாம் எனக்கு மனசு சுருங்கிப் போகிறது. காலும் கையும் நன்றாக இருக்கிற மனுஷன் ஒரு மாத்திரை வாங்கப் பிள்ளையை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறதே என்று.


ஆதம்பாக்கத்தான் (திங்கள், மாலை 4.05)

ஐயா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். என் அப்பா அம்மா இன்னும் விழுப்புரத்தில்தான் இருக்கிறார்கள். இங்கே கூட்டிவந்து வைத்துக்கொள்ள எங்கள் வீட்டில் இன்னொரு அறை இல்லை. பக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு நான் கொடுக்கும் விலை அது.


வேன்ல வளந்தவ (திங்கள், இரவு 9.15)

நான் இப்ப காலேஜ் படிக்கிறேன். நீங்க எல்லாரும் அப்பா அம்மா பக்கத்துல இருந்து எழுதுறீங்க. நான் அந்த ரெண்டாம் வகுப்புப் பொண்ணு பக்கத்துல இருந்து எழுதுறேன்.

எங்க வீடு ஊரப்பாக்கத்துல உள்ள. காலைல ஆறே முக்காலுக்கு வேன். வேன் அண்ணா முதல்ல என்னத்தான் ஏத்துவாரு, கடைசியா என்னத்தான் இறக்குவாரு. எனக்குக் காய்ச்சல் வந்தா முதல்ல அவருக்குத்தான் தெரியும். பரிட்சைல மார்க் குறைஞ்சா வேன்லதான் அழுவேன், வீட்டுக்கு வரும்போது முகம் சரியாயிடும். சாயந்தரம் மூணாவது வீட்டு ஆன்ட்டிகிட்ட சாவி இருக்கும். அவங்க கொடுத்த அடை, குழிப்பணியாரம் எல்லாம் சாப்ட்டுதான் வளந்தேன். அப்பா அம்மா வரும்போது எட்டரை, ஒன்பது. வந்ததும் அம்மா நேரா அடுப்படிக்குப் போவாங்க, அப்பா தண்ணி மோட்டார் போடப் போவாரு. அவங்க மேல எனக்குக் கோபம் வந்ததே இல்ல. அவங்க எனக்காகத்தான் ஓடுறாங்கன்னு சின்ன வயசுலயே தெரியும்.

ஒண்ணு மட்டும் சொல்றேன். அவங்க லேட்டா வர்றது எனக்குக் கஷ்டமா இல்ல. எப்ப வருவாங்கன்னு தெரியாததுதான் கஷ்டம். எட்டரைன்னா எட்டரை, அதுவரைக்கும் நான் ஹோம்வொர்க் பண்ணி முடிச்சிருப்பேன். "ஏழரைக்கு வந்துடுவேன் கண்ணா"ன்னு சொல்லிட்டு ஒன்பதாகும்போது வாசல்லயே உக்காந்திருப்பேன். ரயில் ஊரப்பாக்கம் வந்துட்டா அம்மா போன் பண்ணுவாங்க. அதுக்கப்புறம் ஆட்டோ கிடைச்சு வீட்டுக்கு வர சில நாள் பத்து நிமிஷம், சில நாள் ஒரு மணி நேரம். அந்த நேரந்தான் எனக்கு ரொம்ப நீளமா இருக்கும்.

நந்திவரம் அங்கிள், பாப்பாகிட்ட லேட்டான டைமே சொல்லுங்க. அதுக்கு முன்னாடி வந்துட்டா குஷியாயிடுவா.


மீஞ்சூர் லோக்கல் (திங்கள், இரவு 10.00)

எல்லாம் தெக்குப் பக்கமே பேசினா எப்படி? நாங்களும் மெட்ராஸுக்குத்தான் வேலைக்கு வர்றோம். கும்மிடிப்பூண்டி லைன்ல அத்திப்பட்டுக்கு வடக்க எங்க லோக்கலும், வடநாட்டு எக்ஸ்பிரஸும், சரக்கு வண்டியும் போக ஒண்ணு, வர ஒண்ணுன்னு இருக்கிற அதே ரெண்டு பாதைலதான் ஓடுது. எக்ஸ்பிரஸ்ஸுக்கு வழி விட்டு நாங்க நிப்போம். ஒரு வண்டிய விட்டா அடுத்ததுக்கு நீங்க தாம்பரத்துல காத்திருக்கிற மாதிரி இல்ல, ரொம்ப நேரமாகும். அதனால எங்க ஊர்ல வேலை முடிஞ்சதும் யாரும் ஒரு டீ குடிக்கக்கூட நிக்கமாட்டாங்க, ஓட்டந்தான்.

ஆனா ஸ்டேஷன்ல இறங்கிட்டா எங்களுக்கு வீடு பக்கம். மீஞ்சூர் பழைய ஊரு. மீட்டர்கேஜ் ஐயா சொன்னது எங்க ஊருக்கு அப்படியே பொருந்துது.


நந்திவரம்காரன் (செவ்வாய், காலை 7.20)

எல்லாருக்கும் நன்றி. ரயிலில் நின்றபடியே எல்லாவற்றையும் படித்தேன். வேனில் வளர்ந்த தங்கை எழுதியதை மனைவிக்கும் அனுப்பினேன். நேற்றிரவே மகளிடம் "எட்டே முக்கால்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டோம்.

இப்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை மெட்ரோவை நீட்டிக்கும் திட்டம் பேசப்படுகிறது, அது வரட்டும். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறந்தார்கள், தெற்கே போகும் வண்டிகளெல்லாம் எங்கள் பக்கத்துக்கே வந்துவிட்டன. பெரிய வேலைகள் நடக்கத்தான் செய்கின்றன. ஆனால் என் மகள் எவ்வளவு நேரம் எதிர்வீட்டில் இருக்கிறாள் என்பதை ஒரு சின்ன பஸ் தீர்மானிக்கிறது. ரயில் வந்து நின்ற ஐந்தாவது நிமிடம் ஸ்டேஷன் வாசலில் கிளம்பி, நகர்களுக்குள் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வரும் பஸ். மாலை ஆறு முதல் பத்து வரை. இதைக் கேட்பது அதிகமா? போக்குவரத்து விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழைய டிப்போ (செவ்வாய், பகல் 11.30)

டிரைவராகச் சேர்ந்து டைம் கீப்பராக ஓய்வுபெற்றவன் நான். தம்பி கேட்டது நியாயம். அது ஏன் எளிதில் நடப்பதில்லை என்று சொல்கிறேன்.

ஒரு பஸ்ஸுக்கு ஷிப்டில் இத்தனை சிங்கிள் (ஒரு வழி நடை) என்று ஷெட்யூல் போடுவோம். ரயில் பத்து நிமிடம் தாமதம், பஸ்ஸை நிறுத்து என்றால் அடுத்த சிங்கிள் தள்ளிப்போகும். கடைசியில் ஒரு சிங்கிள் வெட்டுப்படும், அங்கே நிற்கும் ஜனம் திட்டும். ரயில் எப்போது வரும் என்று ரயில்காரர்களுக்குத் தெரியும், பஸ்காரர்களுக்குத் தெரியாது. இரண்டும் வேறு வேறு நிர்வாகம். டைம் கீப்பர் கையில் ரயில் எங்கே வருகிறது என்ற தகவல் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். இன்றைக்கு ஒவ்வொருவர் போனிலும் அந்தத் தகவல் இருக்கிறது.

அடுத்தது, மாலையில் கூட்டம் ஒரே பக்கம். ஸ்டேஷனிலிருந்து நகருக்கு நிறைந்து போகும், திரும்பும்போது காலி. முன்பெல்லாம் கலெக்ஷன் இல்லை என்று அந்த வண்டியை எடுத்துவிடுவார்கள். 2021 மே முதல் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, அதற்கான பணத்தை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்குக் கொடுக்கிறது. அதனால் கலெக்ஷன் கணக்கை மட்டும் வைத்து ஒரு வண்டியை மறுப்பது இனி பொருந்தாது என்பது என் கருத்து.

மூன்றாவது, இடம். பல ஸ்டேஷன் வாசலில் பெரிய பஸ் திரும்ப முடியாது. ஆட்டோ நிற்கும், பைக் நிற்கும், பழவண்டி நிற்கும். அவர்கள் பிழைப்பும் அதில்தான். அதற்காகத்தான் சின்ன பஸ் வேண்டும் என்கிறோம். ஸ்டேஷன் வாசலில் அது நிற்க ஓர் இடத்தைக் கோடு போட்டு ஒதுக்கவேண்டும்.

மனு எழுதுவதாக இருந்தால் பொதுவாக "பஸ் வசதி வேண்டும்" என்று எழுதாதீர்கள். எந்த ரயில் எத்தனை மணிக்கு வருகிறது, அதில் உங்கள் நகருக்கு எத்தனை பேர் இறங்குகிறார்கள், பஸ் எந்தத் தெருவில் திரும்பலாம், எங்கே மின்கம்பி தாழ்வாகத் தொங்குகிறது என்று வரைபடம் போட்டுக் கொடுங்கள். அப்படி ஒரு மனு வந்தால் டிப்போவில் உட்கார்ந்து பார்ப்போம். மற்றவை ஃபைலில் போகும்.


மகளிர் பெட்டி (செவ்வாய், இரவு 8.25)

ஐயா, இப்போது ரயிலில்தான் இருக்கிறேன். நீங்கள் எழுதியதைப் பெட்டியில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலை நகர் இறங்குகிறவர்கள் பெயரும் தெருவும் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பூக் கட்டுகிற அக்கா நாளைக்கே ஒரு நோட்டு கொண்டுவருகிறார். தெருவிளக்கு எரியாத இடத்தையும் அதிலேயே குறிக்கப்போகிறோம். பஸ் இலவசம் என்பது பெரிய உதவிதான், பஸ் வந்தால்.


ஊரப்பாக்கம் அக்கா (செவ்வாய், இரவு 10.50)

மனு போடுங்கள், நாங்களும் கையெழுத்துப் போடுகிறோம். அது நடக்கும்வரை என்ன செய்வது என்பதற்கு எங்கள் நகரில் ஒரு வழி செய்தோம். உங்களுக்கும் உதவலாம்.

பிள்ளைகளை ஸ்கூலுக்குக் கொண்டுபோகும் வேன் ஒன்று எங்கள் தெருவிலேயே நிற்கும். நாலரை மணிக்கு மேல் அதற்கு வேலை கிடையாது. அதை ஓட்டும் தம்பியிடம் பேசினோம். மாலை ஏழு, ஏழே முக்கால், எட்டரை, ஒன்பதேகால்: இந்த நேரத்துக்கு ஸ்டேஷன் வாசலில் நிற்பார். ரயில் தாமதம் என்றால் வாட்ஸ்அப் குழுவில் ரயிலில் இருக்கும் ஒருவர் "வண்டலூர் தாண்டிவிட்டது" என்று போடுவார். ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று பேசி, மாத ஆரம்பத்திலேயே கொடுத்துவிடுகிறோம். ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்ததைவிட அதிகமில்லை. ஆண்களும் வரலாம், ஆனால் இடம் போதாவிட்டால் பெண்கள், வயதானவர்கள், கைக்குழந்தையோடு வருபவர்களுக்கு முதலிடம். எல்லாரையும் வீட்டு வாசலில் இறக்கமாட்டார், தெருமுனையில் இறக்குவார். கடைசி ஆள் உள்ளே போய்க் கேட்டைச் சாத்தும்வரை லைட்டைப் போட்டுக்கொண்டு நிற்பார். அதை நாங்கள் கேட்கவில்லை, அவராகவே செய்கிறார்.

தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய நாட்களில் ஜி.எஸ்.டி சாலை (தாம்பரம் வழியாகத் தெற்கே போகும் நெடுஞ்சாலை) அசையாது, அன்றைக்கு மட்டும் ஓடாது. அதை முன்பே சொல்லிவிடுவார்.


பழைய டிப்போ (புதன், காலை 6.40)

நல்ல ஏற்பாடு அம்மா. இரண்டு விஷயம் கவனியுங்கள். ஸ்கூல் பெயரில் பெர்மிட் உள்ள வண்டியில் வெளியாட்களை ஏற்றக்கூடாது, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். வாடகைக்கு ஓட்டும் மேக்ஸி கேப் பெர்மிட் உள்ள வண்டியா, எத்தனை பேருக்கு அனுமதி, எஃப்.சி. (வண்டி ஓட்டத் தகுதியானது என்ற சான்று) எந்தத் தேதி வரை என்று ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். டிரைவர் தம்பி காலை ஆறு மணிக்கே எழுந்து பிள்ளைகளை ஏற்றுகிறவர், இரவு பத்து வரை ஓட்டினால் தூக்கம் கெடும். கடைசி நடைக்கு வேறு ஆள் போடுங்கள்.


ஊரப்பாக்கம் அக்கா (புதன், காலை 9.10)

வண்டி அவர் சொந்தப் பெயரில்தான் இருக்கிறது ஐயா, மேக்ஸி கேப் பெர்மிட். எஃப்.சி. தேதி இன்று மாலை பார்த்துவிடுகிறேன். தூக்க விஷயம் நியாயம். ஒன்பதேகால் நடையை அவர் மச்சான் ஓட்டமுடியுமா என்று கேட்கிறேன், அவரிடம் லைசென்ஸ் இருக்கிறது.


நந்திவரம்காரன் (புதன், இரவு 9.05)

அக்கா, எங்கள் நகரில் இன்று கேட்டுப் பார்த்தேன். ஏழு மணி ரயிலுக்கும் எட்டரை ரயிலுக்கும் ஆள் இருக்கிறது, நடுவில் குறைவு. இரண்டு நடைக்கு மட்டும் ஒருவர் வருவாரா, மாதத்துக்கு எப்படிப் பேசவேண்டும்?


ஊரப்பாக்கம் அக்கா (புதன், இரவு 9.40)

வருவார்கள். ஆள் கணக்கில் பேசாதீர்கள், நடைக்கு இவ்வளவு என்று பேசிவிட்டு நீங்கள் உங்களுக்குள் பிரித்துக்கொள்ளுங்கள். ஆள் கணக்கில் பேசினால் நாலு பேர் லீவு போட்ட நாள் அவர் வரமாட்டார். முதல் மாதம் ஏழு மணி நடையை மட்டும் ஓட்டிப் பாருங்கள். உங்கள் வீட்டம்மா ஸ்டேஷன் வாசலில் நிற்கவேண்டாம், பிள்ளையும் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடும். எட்டரைக்கு உங்களுக்குத்தான் பைக் இருக்கிறதே.